இரண்டு இடப்பக்கமும் ஒரு பறக்கும் படகும்

அந்தமானில் இருந்துகொண்டு ஆன்லைனில் சாமான் வாங்குகிற எல்லாருக்கும் ஒரு வரி மனப்பாடம்: 'இந்தப் பொருளை உங்கள் முகவரிக்கு அனுப்ப இயலாது.' மெத்தை வராது, மிக்ஸி வராது, பெயின்ட் வரவே வராது. எங்கள் பின்கோடை அடித்த மாத்திரத்தில் மெயின்லேண்ட் கடைக்காரனுக்கு நடுவில் ஒரு கடல் இருப்பது ஞாபகம் வந்துவிடும். எனக்கு வராமல் போனது ஒரு விமானம்.

விமானம் என்றால் மாடல் விமானம். அதிலும் பறக்கும் படகு. கடல் விமானம் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது காலில் இரண்டு மிதவைகளைச் செருப்பு மாதிரி மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கும். பறக்கும் படகு அப்படி இல்லை. அதற்கு வயிறே படகு. வாத்து மாதிரி நேராக வயிற்றை வைத்து உட்காரும். இந்த வித்தியாசத்தை நான் போர்ட் பிளேரில் பல பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஒருவரும் கேட்டதில்லை.

நான் ஆர்டர் செய்திருந்த பெட்டியில் பெரிய வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டுகள் மட்டும்தான் இருக்குமாம். விமானத்தின் பாகங்கள் முட்டைத் தட்டு போல அவற்றில் புடைத்துக்கொண்டிருக்கும். சூடான ஷீட்டை அச்சின் மேல் போட்டுக் காற்றை உறிஞ்சிச் செய்கிற இந்த முறைக்கு வாக்யூம் ஃபார்மிங் என்று பெயர். வெட்டுவது, தேய்ப்பது, ஒட்டுவது எல்லாம் வாங்குகிறவன் தலையெழுத்து. ஐம்பதைத் தாண்டிய ஒரு அரசாங்க டிராஃப்ட்ஸ்மேனுக்கு, பகல் முழுக்கக் கம்ப்யூட்டரில் கடல் தடுப்புச்சுவரும் படகு கட்டும் ஜெட்டியும் வரைகிறவனுக்கு, அதைவிடப் பெரிய சந்தோஷம் இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன். பணம் திரும்பி வந்துவிட்டது. விமானம் வரவில்லை.

"நானே செய்யப் போறேன்" என்றேன் மனைவியிடம்.

அவள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எதை?"

"விமானத்தை. நாலடி நீளம். இறக்கை ஆறரை அடி."

"சரி. பறந்து போறதுக்கு முன்னாடி கேஸ் புக் பண்ணிட்டுப் போங்க" என்றாள்.

அவளுடைய தம்பி ஜங்லிகாட்டில் போர்டு கடை வைத்திருக்கிறான். கடைகளுக்கு விளக்குப் போட்ட பெயர்ப் பலகை செய்வது தொழில். பிளாஸ்டிக் ஷீட் அவனிடம் மலையாகக் கிடக்கும். நான் போய் விஷயத்தைச் சொன்னதும் அவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"அத்தான், இது என்ன பெரிய விஷயம்? ஷீட்டைச் சூடு பண்ணணும், அச்சு மேல போடணும், காத்தை உறிஞ்சணும். பஸ், ஹோ கயா."

'பஸ், ஹோ கயா', அவ்வளவுதான், முடிந்தது, என்று எந்த வேலையையும் ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்கிறவன் அவன். அதைத் தெரிந்தும்தான் அவனோடு சேர்ந்தேன்.

முதலில் அச்சு. விமானத்தின் உடம்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் ஒரு பாதி எப்படி இருக்குமோ அதே வடிவத்தில் மரத்தில் செதுக்க வேண்டும். மச்சினன் ஒரு ஃபர்னிச்சர் பட்டறையிலிருந்து படாக் மரத் துண்டுகள் வாங்கி வந்தான். படாக் எங்கள் தீவின் பெருமை. செக்கச்செவேல் என்று இருக்கும், கரையான் தொடாது. கரையானே தொடாத மரத்தை ஒரு டிராஃப்ட்ஸ்மேன் என்ன செய்துவிட முடியும்? குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் செதுக்கினேன். சிவப்புத் தூள் என் தலை, புருவம், காது எல்லாவற்றிலும் படிந்து, பார்க்கிறவர்களுக்குக் குங்குமக் கடையில் குப்புற விழுந்தவன் மாதிரி இருந்தேன். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் ஒருநாள் வேலிக்கு அப்பாலிருந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "பூஜையா?" என்று பக்தியோடு கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்குவதைவிட அது சுலபம்.

அச்சு முடிந்தபோது உப்புத்தாள் போட்டுப் போட்டு அது குழந்தைக் கன்னம் மாதிரி வழுவழுப்பாகியிருந்தது. தூக்கத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அடுத்தது பெட்டி. மேசை மாதிரி ஒரு மரப் பெட்டி செய்து, மேல்பலகை முழுக்க இடியாப்ப அச்சு போல ஓட்டை போட்டோம். பக்கவாட்டில் ஒரு பெரிய ஓட்டை. அதில் வாக்யூம் கிளீனரின் குழாயைச் செருக வேண்டும். அச்சைப் பெட்டிமேல் வைத்து, இளகிய ஷீட்டை அதன்மேல் போர்த்தி, வாக்யூம் கிளீனரைப் போட்டால் காற்று உறிஞ்சப்பட்டு ஷீட் அச்சோடு அச்சாக ஒட்டிக்கொள்ளும். வாக்யூம் கிளீனர் எங்கள் வீட்டில் இருந்தது. மனைவிக்குப் பள்ளியில் யாரோ பரிசாகக் கொடுத்து, அட்டைப் பெட்டியைப் பிரிக்காமலே அலமாரி மேல் வைத்திருந்தாள். அவளிடம் கேட்கவில்லை. அவளாகக் கேட்டபோது, "சர்வீசுக்குக் குடுத்திருக்கேன்" என்றேன்.

"பிரிக்காத சாமானுக்கு என்ன சர்வீஸ்?" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. பதில் தெரிந்தவர்கள் கேள்வியை நீட்டுவதில்லை.

மிச்சம் சூடு. நாலடி ஷீட்டைச் சட்டத்தில் மாட்டி மொத்தமாக ஒரே சீராகச் சூடுபண்ண எந்த வீட்டு அடுப்பாலும் முடியாது. மச்சினன் கடைக்கு எதிரில் ஒரு பேக்கரி இருந்தது. பேக்கரிக்காரர் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா கைதியாக வந்து இறங்கியவர். "நாங்கள் டிக்கெட் வாங்காமல் வந்தவர்கள்" என்று இந்தியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கடையின் பின்கட்டில் ஒரு பழைய விறகு அடுப்பு, வாய் குறுகலாக, உள்ளே ஆள் படுக்கிற நீளத்துக்கு, உபயோகமில்லாமல் கிடந்தது. ரொட்டிக்கு அவர் புது அடுப்பு வைத்திருந்தார்.

"மேரி பட்டி மே ஹவாய் ஜஹாஸ்?" என்றார். என் அடுப்பில் விமானமா! பிறகு கண்ணை மூடி யோசித்தார். எத்தனையோ வருஷமாக ஒரே பன்னைச் சுட்டுவருகிறவருடைய யோசனை அது. கண்ணைத் திறந்தபோது அவர் எங்கள் ஆளாகிவிட்டிருந்தார். "எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?"

முதல் ஞாயிறு. தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, வெந்த கல்லின் சூட்டில் ஷீட்டைச் சட்டத்தோடு உள்ளே நீட்டினோம். பேக்கரிக்காரர் நிமிஷத்துக்கொரு தடவை மூடியைத் திறந்து பார்த்தார். அவர் திறக்கத் திறக்கச் சூடு போயிற்று. "பன் வெந்ததா என்று பார்ப்பது போலப் பார்க்காதீர்கள்" என்று கெஞ்சினேன். ஒருவழியாக ஷீட் நடுவில் தொய்ந்து, நனைந்த வேட்டி மாதிரி தொங்கியது. அதுதான் பதம். ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு சட்டத்தை உருவி, ஓடிவந்து அச்சின்மேல் அழுத்தினோம்.

"போடு!" என்று கத்தினேன்.

மச்சினன் சுவிட்சைப் போட்டான். வாக்யூம் கிளீனர் 'ஊ' என்று ஆரம்பித்து 'உ' என்று அடங்கிவிட்டது. தெருவில் சலூன்காரனின் ரேடியோவும் நின்றது. ஜங்லிகாட் முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

எங்கள் கண்ணெதிரே ஷீட் இறுகியது. அச்சின் மேல், காய்ச்சல்காரனுக்குப் போர்த்திய கம்பளி போல. உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. விமானம் என்று தெரியவில்லை.

இரண்டாம் ஞாயிறு மச்சினன் ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துவந்து, ஒயரெல்லாம் அவனே மாட்டி, குழாயையும் அவனே செருகினான். பதம் வந்தது. ஓடினோம். அழுத்தினோம். "போடு!" ஜெனரேட்டர் உறுமியது. ஷீட் அச்சைப் பார்த்துக் கீழே போவதற்குப் பதிலாக மேலே எழும்பியது. மெல்ல எழும்பி, கொஞ்சம் யோசித்து, இன்னும் எழும்பி, நாலடி நீளத்துக்கு ஒரு பூரியாக உப்பி நின்றது.

"அத்தான்," மச்சினன் ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் கத்தினான், "இந்த மிஷின்ல உறிஞ்சுற ஓட்டை எது, ஊதுற ஓட்டை எது?"

பேக்கரிக்காரர் கைதட்டினார். வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக உப்பிய ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. கடைக்கு ரொட்டி வாங்க வந்தவர்களைப் பின்கட்டுக்குக் கூட்டிவந்து காட்டினார். ஒருவர் அதைச் சுண்டிப் பார்த்துவிட்டு, எந்த மாவு என்று கேட்டார்.

மூன்றாம் ஞாயிறு நடந்தது. அதை எப்படிச் சொல்வது? 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தொங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைத் துணி திடீரென்று விமானத்தின் வயிறாக, மூக்காக, வாலாக ஆகிவிட்டது. நான் செதுக்கிய ஒவ்வொரு கோடும் அதில் எழுந்து நின்றது. தண்ணீரை உதறிவிட்டு எழும்ப வயிற்றின் நடுவில் ஒரு படி இருக்குமே, அந்த விளிம்பு கத்தி போல விழுந்திருந்தது. பிறகு பேக்கரிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொன்று?" என்றார். கை சூடாக இருக்கும்போதே அதே அச்சில் இன்னொன்றும் எடுத்தோம். அதுவும் அப்படியே வந்தது. பன்னும் டீயும் அவர் செலவு.

இரண்டையும் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கூடத்தில் வைத்து, மனைவியைக் கூப்பிட்டேன். நிஜமாகவே அவளுக்குப் பிடித்துவிட்டது. உட்கார்ந்து தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவளிடமிருந்து அது நூற்றுக்குத் தொண்ணூறு. பிறகு இரண்டு பாதிகளையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தாள். மூக்கோடு வால் சேர்ந்தது. திருப்பினாள். மூக்கோடு மூக்கு சேர்ந்தது, ஆனால் ஒன்றின் வயிறு மேலே இருந்தது. மறுபடி திருப்பினாள். அவள் முகத்தில், தப்பான விடைக்குப் பக்கத்தில் சிவப்பு மையை வைப்பதற்கு முன் வரும் ஒரு அமைதி வந்தது.

"ஏங்க, ரெண்டும் இடது காலுக்கே செருப்பு தச்சு வச்சிருக்கீங்களே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலப்பக்கத்துக்கு, கண்ணாடியில் தெரிவது போல, எதிர் அச்சு ஒன்று வேண்டும். முப்பது வருஷம் இடப்பக்கத் தோற்றமும் வலப்பக்கத் தோற்றமும் வரைந்து சம்பளம் வாங்கியவன், ஒரே அச்சில் இரண்டு இடப்பக்கம் எடுத்துவிட்டு, கூடப் பன்னும் தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

அவள் சிரிக்கவில்லை. அடுப்படிக்குள் போனாள். அங்கே போய்ச் சிரித்தாள். பாத்திரம் உருளும் சத்தத்தோடு சேர்ந்து கேட்டது.

மச்சினனுக்குப் போன் செய்தேன். மறுமுனையில் 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணினான். பிறகு, "அத்தான், டென்ஷன் ஆகாதீங்க. ரெண்டு வலதும் எடுத்துட்டா ரெண்டு விமானம். ஹோ கயா" என்றான். நல்ல யோசனையாகத்தான் பட்டது. மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்று பார்த்த பார்வையில் ஒரு விமானம் போதும் என்று தோன்றிவிட்டது.

மறுபடி படாக். மறுபடி குங்குமம். வங்காளி அம்மாள் இந்தத் தடவை வேலி வழியாகச் செம்பருத்திப் பூ கொடுத்தனுப்பினார். மிஞ்சிய இடப்பக்கத்தை அவருக்கே கொடுத்தேன். அவர் அதில் தண்ணீர் ஊற்றித் தன் வாத்துகளுக்கு வைத்தார். அவை ஒன்றன்பின் ஒன்றாக மூக்குப் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டன. பூரியை மச்சினன் கடை வாசல் விளக்குக்கு மழைத் தொப்பியாக மாட்டினான்.

ஒட்டி, இடுக்கில் பட்டி பூசி, தேய்த்து, இறக்கைகளைத் தெர்மகோலில் அறுத்து ஷீட் போர்த்தி, எஞ்சின் மூடிகளைத் தனியாக வார்த்து, சாம்பலும் நீலமுமாகப் பெயின்ட் அடித்து முடித்தபோது மழைக்காலம் ஓய்ந்திருந்தது. ஆறரை அடி இறக்கையோடு அது கூடத்தில் நின்றது. நாங்கள் சுவரோரமாக நடந்தோம்.

"படகுன்னு சொல்றீங்களே, மிதக்குமா?" என்றாள் ஒரு சாயங்காலம்.

"மிதக்கும். கணக்குப் போட்டாச்சு."

"கணக்கு நானும்தான் போடுறேன். இடப்பக்கக் கணக்கு எப்படி இருந்துச்சுன்னு பாத்தோம்ல. தண்ணியில விட்டுப் பாருங்க."

அடுத்த ஞாயிறு காலை ஜங்லிகாட் மீன்பிடி ஜெட்டிக்குப் போனோம். இறக்கைகளைக் கழற்றி மச்சினனின் கடை வண்டியில் கொண்டுபோய், அங்கே வைத்து மாட்டினோம். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். மீன் ஏலம் ஒரு கணம் நின்றது. வாலில் ஒரு தூண்டில் நரம்பைக் கட்டி, மறுமுனையைப் பேக்கரிக்காரர் கையில் கொடுத்தேன். பொறுப்பான மனிதர், கடைக்கு ஒருநாளும் லீவு விட்டதில்லை.

படிக்கட்டில் இறங்கி, மண்டியிட்டு, தண்ணீரில் வைத்துக் கையை எடுத்தேன்.

மிதந்தது. சாயவில்லை, அமிழவில்லை. மூக்கைச் சற்றே தூக்கி, அலைக்கு ஒரு தலையாட்டு ஆட்டி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே தானாகக் காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றது. படங்களில் பார்த்த அதே உட்காரல். மனைவி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். கல்யாணத்தில் பிடித்ததைவிட இறுக்கமாக.

"வாஹ்! வாஹ்!" என்றார் பேக்கரிக்காரர். அந்தப் பரவசத்தில் படம் எடுப்பதற்காகப் பையிலிருந்து போனை எடுத்தார். போனைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

நரம்பு படியில் வழுக்கிக்கொண்டு போவதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். மச்சினன் மட்டும்தான் தண்ணீரில் விழுந்தான். கரையிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. விமானம் பின்பக்கமாகவே, எங்களைப் பார்த்துக்கொண்டே, ராஜமரியாதையோடு விரிகுடாவின் நடுவுக்குப் போயிற்று. மீன்காரர் ஒருவர் படகை எடுக்கப் போனார். அதற்குள் ஒரு ரோந்துப் படகு குறுக்கே வந்தது. விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தூரமாக நின்று யோசித்தது. பிறகு கொக்கிக் கழியால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தது. எங்கள் ஊரில் கடற்படையும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு. வானத்தில் பட்டம் விடுவதற்கே யோசிப்போம்.

படகு ஜெட்டிக்கு வந்தது. அதிகாரி இறங்கினார். பருமனான மனிதர், நரைத்த மீசை, பேச்சில் தெலுங்கு வாடை. பேச்செல்லாம் எங்கள் தீவு இந்தியில்தான்.

"இது யாருடையது?"

ஈரத்தோடு நின்ற மச்சினன் ஒரு அடி பின்னால் போனான். பேக்கரிக்காரர் போனில் எடுத்த படத்தை உன்னிப்பாகப் பார்த்தார்.

"என்னுடையது, சார்."

"ட்ரோனா?"

"இல்லை சார். பறக்கும் படகு."

அதைவிட மோசமான பதில் இருந்திருக்க முடியாது.

"பறக்குமா?"

"பறக்காது, சார்."

"பறக்கும் படகு என்றீர்களே?"

"நிஜமானது பறக்கும் சார். இது பறக்காது."

"நிஜமானது எங்கே இருக்கிறது?" என்று அவர் ஜெட்டி முழுக்கக் கண்ணை ஓட்டினார்.

"இங்கே இல்லை, சார்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "பாருங்கள். பறக்கிற சாமான் என்றால் அனுமதி வேண்டும். படகு என்றால் நம்பர் வேண்டும். இரண்டில் இது எது, அதைச் சொல்லுங்கள்."

என் ஜென்மத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான். நான் உற்சாகமாகிவிட்டேன். "அதுதான் சார் அருமை, இது இரண்டும்" என்று ஆரம்பித்து, செருப்பு மாட்டிய விமானம், வயிறே படகான விமானம், வயிற்றின் நடுப்படி என்று போய்க்கொண்டிருந்தேன். அதிகாரியின் கை சட்டைப்பையில் இருந்த பேனாவை நோக்கிப் போவதை மனைவி பார்த்துவிட்டாள். முன்னால் வந்தாள்.

"சார், கிலோனா ஹை."

பொம்மை. எனக்குச் சுருக்கென்றது. ஆறரை அடி இறக்கை, பொம்மை!

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு பெரிய பொம்மையா? எந்தக் குழந்தைக்கு?"

மனைவி என்னைச் சுட்டிக்காட்டினாள்.

அவர் என் வழுக்கையிலிருந்து செருப்பு வரை ஒருமுறை பார்த்தார். செருப்பிலிருந்து வழுக்கை வரை இன்னொருமுறை. பேனாவிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிறகு மனைவியைப் பார்த்து, கோயிலில் நிற்பது போல ஒரு மரியாதையோடு, "நீங்கள் அனுமதிக்கிறீர்களா, அம்மா?" என்று கேட்டார்.

"பழகிப்போச்சு, சார்" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படகில் இருந்தவர்களுக்கும் தாங்கவில்லை. இனிமேல் தண்ணீரில் விட்டால் கயிற்றில் கட்டி, அதையும் ஒழுங்கான ஆள் கையில் கொடுத்து விடச் சொன்னார். பேக்கரிக்காரர் அப்போதும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போவதற்கு முன் அதிகாரி விமானத்துக்குப் பக்கத்தில் நின்று, இறக்கையில் ஒரு கையை வைத்து, மீசையை ஒதுக்கிவிட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

கொக்கி பட்ட இடத்தில் ஒரு கீறல், சாயாமல் இருக்க இறக்கை நுனிகளில் வைத்த குட்டி மிதவைகளில் ஒன்று உடைசல். மற்றபடி முழுசாக வந்துவிட்டது. ஆனால் இறக்கையைக் கழற்றப் பார்த்தால் அதைச் செருகியிருந்த மரக்குச்சி உப்புத் தண்ணீரில் ஊறி இறுகிவிட்டது, அசையவில்லை. வண்டியில் ஏற்ற முடியாது. நானும் மச்சினனும் முன்னும் பின்னுமாகத் தலையில் தூக்கிக்கொண்டு ஜங்லிகாட் மேட்டில் நடந்தோம். ஸ்கூட்டர்கள் ஒதுங்கின. ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிக்க மறந்தார்கள். மனைவி குடையோடு முன்னால் நடந்து, "சைட், சைட்" என்று வழி ஒதுக்கினாள். அவளுடைய மாணவர்களின் பெற்றோர் இரண்டு மூன்று பேர் வணக்கம் சொன்னார்கள். அவளும் பதிலுக்குச் சொன்னாள், எதுவும் நடக்காதது போல.

வீடு வந்து சேர்ந்தபோது எனக்குக் கழுத்து திரும்பவில்லை. வாசலில் இறக்கிவைத்துவிட்டுத் திண்டாடிக்கொண்டிருந்தேன். பொம்மை என்ற சொல் இன்னும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போனவள், ஒரு வாளி நிறையத் தண்ணீரைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் சமையலுக்கென்று பிடித்து வைத்திருந்த தண்ணீர் அது.

"எதுக்கு இது?"

"உப்பை அப்படியே விட்டா பெயின்ட் உரிஞ்சிராதா?"

குவளை குவளையாக மோந்து அவள் ஊற்றினாள். நான் துணியால் துடைத்தேன். மூக்கு, ஜன்னல், எஞ்சின் மூடி.

"அந்த வலப்பக்கத்துக்கு அடியில நல்லாத் தேய்ங்க" என்றாள். "அதுதான் கஷ்டப்பட்டு வந்தது."